மீன், குறுக்குவெட்டு

14-6-1958, சனி

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் வயிறு வெடித்துவிடும், எழுதினால் மானம் போய்விடும். ஆனால் மானம் போவதைப் பார்க்க இந்த நோட்டுக்குள் என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?

இன்று மத்தியானம் நான் மீன் குழம்பு சாப்பிட்டேன்.

நான் என்றால், தென்காசி ஹைஸ்கூல் டிராயிங் மாஸ்டர் தில்லைநாயகம் பிள்ளை. வயது நாற்பத்தேழு. தெருவில் முட்டை ஓட்டை மிதித்துவிட்டால்கூடக் காலைக் கழுவிவிட்டு வீட்டுக்குள் வருகிற குடும்பம். அடுத்த வீட்டு வல்லிநாயகத்தின் மருமகன் மதுரையில் ஆம்லெட் சாப்பிட்டான் என்று போன மாதம் ரதவீதி நாலிலும் சொல்லிவைத்த புண்ணியவானும் நான்தான்.

நடந்தது இது. குற்றாலம் போகிற வழியில் செவ்வந்திகுளம் என்ற சின்ன ஊரில் ஒரு மாதா கோயில் இருக்கிறது. நூற்றிருபது வருஷப் பழசு. ஓட்டுக்கூரை, கல்தூண் முகப்பு, உள்ளே மரத்தில் செதுக்கின பீடம். அதை இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் புதிதாகக் கட்டப்போகிறார்கள். இடிக்கும் முன்னால் ஒவ்வொன்றையும் அளந்து படம் வரைந்து, பிஷப் இருக்கிற ஆயர் இல்லத்துக்கு அனுப்பவேண்டுமாம். பங்குச்சாமியார் சவரிராயர் எங்கள் ஹெட்மாஸ்டரிடம் வந்து ஆள் கேட்டார். ஹெட்மாஸ்டர் என்னைக் காட்டிக்கொடுத்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். இருபத்திரண்டு வருஷமாகப் போர்டில் ஒரு கூஜா, ஒரு கத்தரிக்காய், ஒரு வாழைக்காய்; அதுதான் சிலபஸ். கையில் துரு ஏறிக் கிடந்தது. தவிர, எங்கள் ஊர்ப் பெரிய கோபுரம் பிளந்துபோய் மொட்டையாக நிற்கிறதே, அது முழுசாக இருந்தபோது ஒருத்தராவது அளந்து வரைந்து வைத்தார்களா? அந்த ஆதங்கமும் உண்டு.

காலை முழுவதும் முகப்பை அளந்தேன். பன்னிரண்டு மணிக்குச் சாமியார் வீட்டு அடுக்களையிலிருந்து ஒரு வாசனை வந்தது. புளி, தேங்காய், கறிவேப்பிலை, அதற்கும் மேலே பெயர் தெரியாத ஏதோ ஒன்று. சமையல்காரி வியாகம்மாளிடம், சும்மா பொது அறிவுக்குக் கேட்பதுபோல, "அது என்ன குழம்பு?" என்றேன்.

"மீன் கொழம்பு சார்வாள். ஒங்களுக்குத் தனியாத் தயிரு வச்சிருக்கேன்."

"நான் கேட்டேனா தயிரு?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். "ஒரு கரண்டி ஊத்து. வெளியில மூச்சு விடாதே" என்றேன். உள்ளே போனவள் வர வெகுநேரம் ஆயிற்று. என் ஏழு தலைமுறைக்காக ஜெபம் பண்ணியிருப்பாள்.

மூன்று துண்டு. பிறகு மேலும் இரண்டு.

15-6, ஞாயிறு

வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கிறது.

21-6, சனி

மறுபடியும். கேட்கவே இல்லை, இலையில் தானாக வந்தது.

மீனில் முள் இருக்கும், தொண்டையில் மாட்டும் என்று பயம் காட்டுவார்களே, வியாகம்மாளின் மீனில் ஒரு முள் கிடையாது. அப்படி ஒரு கைப்பக்குவம். எனக்கோ எதையும் வரைந்தால்தான் மண்டையில் ஏறும். ஒரு துண்டைக் கழுவிக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்து, மாடியில் உட்கார்ந்து, கூர்ப் பென்சிலால் இந்தப் பக்கத்தின் கீழே வரைந்திருக்கிறேன். பார்த்தது பார்த்தபடி. தலைப்பு: மீன், குறுக்குவெட்டு. ஒன்றேகால் அங்குலம்.

வீடு திரும்புமுன் யாக்கூப் கடையில் வாடகை சைக்கிளை விட்டேன். வாயில் ஆறு கிராம்பு. இருந்தாலும் நம்பிக்கை இல்லை. யாக்கூப் மீன் இல்லாமல் சோற்றில் கை வைக்காத மனுஷன். ரகசியம் தெரிந்தவன் ஒருவனாவது வேண்டாமா? அவன் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து ஊதி, "மீன் வாசனை வருதா பாரும்" என்றேன்.

மோந்துபார்த்தான். "ஒண்ணும் வரலியே அண்ணாச்சி. கிராம்புதான் காரமா வருது."

கிராம்பின் மகிமை.

28-6, சனி

இன்று பீடம். ஐந்தடுக்கு. இரண்டு பக்கமும் இரண்டு சம்மனசு, அதாவது தேவதூதர். முழுதாக ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு காலை ஊன்றி, ஒரு காலை ஒசித்து, இடுப்பை ஒடித்து – அடேயப்பா, இது துவாரபாலகர் நிற்கிற நிலையல்லவா! கையிலிருந்த கதாயுதத்தைப் பிடுங்கிக்கொண்டு முதுகில் சிறகை ஒட்டியிருக்கிறான். கீழ்ப்பலகையில் பூக்கொடிக்கு நடுவில் ஒரு யாளி வேறு எட்டிப் பார்க்கிறது. தேர் செதுக்குகிற ஆசாரி ஒருவன் தன் கைக்குத் தெரிந்ததையே செய்துவிட்டுப் போயிருக்கிறான். எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. சாரல் என்று துடைத்துக்கொண்டேன்.

சாப்பிடும்போது வியாகம்மாள் கேட்டாள்: "சார்வாள், இந்தப் படவேல என்னைக்கு முடியும்?"

"இன்னும் ரெண்டு சனிக்கிழமை."

கரண்டி சட்டியிலேயே நின்றுவிட்டது. "ஆவணி வரைக்கும் இழுக்க முடியாதா?"

விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. அவள் மகள் அமலோற்பவத்துக்கு நாலு வயதில் பெரியம்மை கண்டு, பிழைக்காது என்று எல்லாரும் கைவிட்டுவிட்டார்கள். இவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுவந்து அந்தப் பீடத்தின் கீழே கிடத்தி, 'இது பிழைச்சா, ஒம் முன்னாலதான் இவளுக்குத் தாலி' என்று நேர்ந்திருக்கிறாள். பிழைத்தது. பத்தொன்பது வயதும் ஆயிற்று. ஆவணி பதினாறு, திங்கட்கிழமை கல்யாணம். ஆடியில் இவர்களும் வைப்பதில்லை. ஆனால் என் படம் முடிந்த மறுநாள் கோயிலில் கடப்பாரை விழும்.

"சாமிகிட்டச் சொன்னியா?"

"சொன்னேன். மாதா எல்லா எடத்துலயும்தான் இருக்கா, பந்தல்ல வச்சுக் கட்டலாம்னுட்டாரு. பந்தல்ல கட்டவா நேந்தேன்? இந்த மாதாகிட்டல்லா சொன்னேன்? அவ கேக்க மாட்டாளா?"

நான் ஆவணி வரை இழுப்பதாக வாக்குக் கொடுத்தேன். "மீனுக்காகச் செய்யுதேன்னு நெனைக்காதே" என்றும் சொன்னேன்.

மீனுக்காகவும்தான்.

5-7, சனி

முதல் சாக்கு எனக்குச் சிரமம் வைக்காமல் வானத்திலிருந்து வந்தது. குற்றாலத்துச் சாரல். தாள் ஈரத்தைக் குடித்து ஊதிவிட்டது. போன வாரம் போட்ட கோடு இந்த வாரம் நூலளவு நகர்ந்திருக்கிறது. மையை வைத்தால் மீசை விடுகிறது. சாமியாரிடம் காட்டி, "தூணே வளஞ்சு நிக்கும் சாமி, ஆயர் என்ன நெனைப்பாரு?" என்றேன்.

சாமியார் சவரிராயருக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். நல்ல மனுஷர். சிமெண்ட் மேல் அவருக்கு ஒரு பக்தி. பேச்சுக்குப் பேச்சு 'ஸ்லாப்' என்பார். உள்ளே போய், தானே ஒரு கும்மட்டி அடுப்பில் கரி போட்டுக் கொண்டுவந்து என் பலகைக்குக் கீழே வைத்துவிட்டார். தாள் அப்பளமாகக் காய்ந்தது.

அப்பேர்ப்பட்ட ஆளிடம் நான் ஆவணி வரை என்ன செய்ய?

10-7, வியாழன்

கொல்லையில் முற்றி நின்ற வாழைத்தாரைக் காணோம்! அரிவாளால் சுத்தமாக வெட்டியிருக்கிறது. வல்லிநாயகம்தான். ஆம்லெட் கதைக்குப் பழி வாங்குகிறார். குழல்வாய்மொழியிடம் சொன்னேன். அவளோ அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "போகட்டும், தின்னவங்க நல்லா இருக்கட்டும்" என்கிறாள். இப்படி ஒரு பெண்டாட்டி! இனி வல்லிநாயகத்தின் முகத்தில் விழிக்கமாட்டேன்.

19-7, சனி

சாக்குகளின் பட்டியல், மறக்காமல் இருக்க: தூக்குக்குண்டு நூல் அறுந்தது. முகப்பில் குளவிக்கூடு. இடது சம்மனசுக்கு விரல் ஆறா ஐந்தா என்று சந்தேகம் (ஐந்துதான்). எனக்கு இடுப்புப் பிடிப்பு. இடுப்புப் பிடிப்பு மட்டும் நிஜம்.

கோயில் முற்றத்தில் சிமெண்ட் மூட்டை வந்து இறங்கிவிட்டது.

2-8, சனி

இந்தத் தேதியை மறக்கமாட்டேன்.

பெரிதாகப் பாக்கி இருந்தது மாதா சுரூபம் ஒன்றுதான். அதற்கு எப்போதும் பட்டுச்சேலை சுற்றி, தலையிலிருந்து தோள்வரை முக்காடு போட்டிருக்கும். மாதத்தின் முதல் சனியன்று ஊர்ப்பெண்கள் திரையை இழுத்துவிட்டுச் சேலை மாற்றுவார்கள். ஆண்வாடை கூடாது. சாமியாரும் வரமாட்டார். எனக்கு அளவு வேண்டுமே! பெண்கள் குசுகுசுவென்று பேசினார்கள். "சார்வாள் டாக்டர் மாதிரில்லா" என்றாள் வியாகம்மாள். "அதுவும் சைவம்" என்றாள் இன்னொருத்தி. நான் இருமினேன்.

தீர்ப்பு: நான் திரைக்கு இந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்காரவேண்டும். அவர்கள் அளந்து சொல்வார்கள். "இடுப்புலேருந்து பாதம் மூணு சாண் நாலு வெரல்" என்று ஒரு குரல் வரும். நான் எழுதி, அங்குலமாக மாற்றவேண்டும். யார் சாண்? யார் விரல்? ஒல்லி விரலா பருமன் விரலா? கடைசியில் எல்லாவற்றுக்கும் வியாகம்மாளின் கைதான் என்று முடிவாயிற்று. ஆயர் இல்லத்துக்குப் போகிற தாளில் ஸ்கேல் அவள் சாண்தான், எட்டேகால் அங்குலம்.

தலையை மட்டும் நான் பார்த்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். கழுத்துவரை துப்பட்டி சுற்றிவிட்டுத் திரையை விலக்கினார்கள்.

மரத்தில் செதுக்கிய முகம். மூக்கில் துளை. காது – காது தோளைத் தொடுகிறது. பாம்படம் போட்டு இழுத்து வளர்த்த காது! நம்ம ஊர் ஆச்சிமாருக்கு இருக்கிற அதே தொங்கல், அதே வளையம்போன்ற ஓட்டை. தேர் ஆசாரிக்குப் பெரிய மனுஷி என்றால் காது அப்படித்தான் இருக்கும். வேறு மாதிரி அவன் பார்த்ததே இல்லை.

பென்சில் தானாக ஓடியது.

வரைந்து முடித்தேன். பிறகு வியாகம்மாள் சொன்னாள்: "சார்வாள், காத மட்டும் போட்டுராதீய. இத்தன வருசமும் முக்காட்டுக்குள்ளதான் வச்சிருக்கோம். சாமிமாரு யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா, இது என்ன பட்டிக்காட்டு மாதான்னு தூக்கிட்டு, வெள்ளக்காரப் பொம்மைய வச்சிருவாவ."

"காது இருக்கே வியாகம்மா. இருக்கறத எப்படிப் போடாம இருக்க?"

"மீன் திங்கத சொல்லாம இருக்கீயள்லா, அது மாதிரி."

தாளைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினேன்.

3-8, ஞாயிறு

முக்காட்டோடு ஒரு படம் போட்டுப் பார்த்தேன். செத்த படம். கிழித்துவிட்டேன்.

9-8, சனி

சிமெண்ட் சாரலில் கட்டி பிடிக்கிறது. சாமியார் முகமும்தான். "பதினஞ்சாம் தேதித் திருநாள். மறுநாள் ஓட்டைப் பிரிக்கோம். படம் முடிஞ்சாலும் சரி, முடியலைன்னாலும் சரி" என்றுவிட்டார்.

பாக்கி என்று சொல்லிக்கொள்ள எனக்கு இருப்பது, பாவசங்கீர்த்தனம் கேட்கிற கூண்டு ஒன்று. அதையும் நாலு வாரமாக அளந்துகொண்டிருக்கிறேன். ஜனங்கள் தங்கள் பாவத்தைச் சொல்ல முழந்தாள் போடுகிற பக்கம் உட்கார்ந்து சல்லடைப் பலகையின் துளைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நூற்றுநாற்பத்துநாலு. மறுபக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தது தெரிந்தது.

"வாத்தியாரே," என்றது சாமியார் குரல். "உண்மையச் சொல்லும். எத்தனை தாள் பாக்கி?"

அந்தக் கூண்டில் என்ன வசியமோ, முகம் தெரியாவிட்டால் மனுஷனுக்குத் தைரியம் வந்துவிடுகிறது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மாதா தாள் தவிர மற்றப் படமெல்லாம் முடிந்து மூன்று வாரம் ஆயிற்று. இடுப்புப் பிடிப்பு தவிர மற்றதெல்லாம் பொய். அமலோற்பவம், அம்மை, நேர்ச்சை, ஆவணி பதினாறு. கடைசியில், வேகத்தில், "எட்டுச் சனியா மீனும் சாப்பிடுதேன் சாமி" என்றும் சொல்லித் தொலைத்தேன்.

அந்தப் பக்கம் பலமான இருமல். வெகுநேரம் இருமினார்.

"மீனு பாவத்துல சேராது. ஒமக்கு நிச்சயமாச் சேராது" என்றார். பிறகு, "இதுக்குள்ள சொன்னத நான் வெளிய சொல்லப்பிடாது. நீரு எங்க ஆளு இல்லன்னாலும் எனக்கு அது சட்டம். ஆனா ஒண்ணு, நாளைக்குப் பூசை முடிஞ்சதும் எல்லாத் தாளையும் கொண்டாரும். மாதா தாளையும்."

10-8, ஞாயிறு

கொண்டுபோனேன். காதோடு.

வாசலில் வியாகம்மாள் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். சாமியார் முகப்புத் தாளைப் பார்த்தார், பீடத்தைப் பார்த்தார், யாளியைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். மாதா தாள் வந்ததும் கை நின்றுவிட்டது.

"இது நெசமாவே இப்படியா இருக்கு?"

"நான் பாக்காததைப் போடமாட்டேன் சாமி."

விரலால் அந்தக் காதின் கோட்டைத் தொட்டுக்கொண்டே போனார். மை காய்ந்ததா என்று நான் பதறினேன்.

"எங்கம்மைக்கு இப்படித்தான் இருந்தது," என்றார். "நான் சாமியாருக்குப் படிக்கக் குருமடத்துக்குப் போறப்ப பாம்படத்தக் கழத்தி வித்துத்தான் பெட்டி வாங்கிக் குடுத்தா. அதுக்கப்புறம் வெறுங் காது. இப்படியே தொங்கும்."

வாசலில் வியாகம்மாள் மூக்கைச் சிந்துகிற சத்தம். சாமியார் தாள்களைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, காப்பிகூடக் குடிக்காமல் ஆயர் இல்லத்துக்குப் பஸ் ஏறிவிட்டார்.

16-8, சனி

ஓட்டைப் பிரிக்கவில்லை. திருநாளுக்கு மட்டும் வந்துவிட்டு மறுபடியும் பஸ் ஏறின சாமியார் இன்னும் திரும்பவில்லை. சாப்பாடு உண்டு. மீனும் உண்டு. இறங்கவில்லை. நாலு துண்டுதான்.

21-8, வியாழன்

முகப்பும் பீடமும் மாதாவும் இருந்த இடத்திலேயே இருக்கும்! ஓட்டுக்கூரையை மட்டும் மாற்றிப் பின்பக்கம் புது மண்டபம் கட்டுவார்கள். அதையும் கார்த்திகைக்கு மேல்தான் தொடங்குவார்களாம். ஆயர் என் படங்களைப் பார்த்துச் சம்மதித்துவிட்டார் என்று, சாமியார் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே எங்கள் பள்ளிக்கூடத்துக்கே வந்து சொன்னார். ஆறாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு முன்னால் என்னைக் கட்டிப்பிடித்தார். போர்டில் பாதி வாழைக்காய். பிள்ளைகள் கை தட்டினார்கள். எதற்கென்று அவர்களுக்கும் தெரியாது.

"மண்டபத்துக்கு மட்டுமாவது ஸ்லாப் போட்டுக்கிடலாம்லா?" என்று என்னிடம் அனுமதி கேட்கிற மாதிரிக் கேட்டார் பாவம். "தாராளமா" என்றேன்.

1-9, திங்கள்

அமலோற்பவத்தின் கழுத்தில் தாலி ஏறியது, அந்தப் பீடத்துக்கு முன்னால், இரண்டு துவாரபாலகச் சம்மனசுகள் சாட்சியாக. மாதாவுக்கு இன்று முக்காடு இல்லை. காதில் இரண்டு பாம்படம் தொங்கிற்று! யார் கொடுத்தது என்று கேட்டதற்குப் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். வியாகம்மாள் அழுத அழுகையில் மெழுகுவர்த்தி அணையவேண்டியது. சாமியார் பிரசங்கத்தில் என் பெயரைச் சொன்னார். குழல்வாய்மொழி ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். இருபத்தைந்து வருஷத்தில் அப்படி ஒரு பார்வை இரண்டாவது தடவை.

சாப்பாட்டுப் பந்தலில் சைவத்துக்குத் தனிப் பந்தி, தனிச் சமையல்காரர். குழல்வாய்மொழி அங்கே உட்கார்ந்ததும் நான் கை கழுவுகிற சாக்கில் அடுத்த பந்திக்கு நழுவினேன். ஒரு பெரிய துண்டு விழுந்தது. வாயில் வைத்தேன்.

என்ன நாற்றம்! குமட்டிக்கொண்டு வந்தது. போதாதற்கு ஒரு முள் தொண்டையில் குறுக்கே நின்றுவிட்டது. மூன்று உருண்டை வெறுஞ்சோறு விழுங்கி அதை இறக்கினேன். பரிமாறினவனைப் பிடித்து, "இது என்னவே மீனு? வியாகம்மா வைக்கித மீனு எங்க?" என்றேன். அவன் விழித்தான். எதிரே நின்ற வியாகம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். மகளைப் பிரிகிற துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

6-9, சனி

படவேலை இல்லாத முதல் சனி. சைக்கிள் இல்லை, கிராம்பு இல்லை. மத்தியானம் வீட்டில் இலை போட்டாள். குழம்பை ஊற்றினாள். நான் ஒரு வாய் வைத்தேன். அதே புளி, அதே தேங்காய். அதே துண்டு, முள் இல்லாமல்.

"ஏளா... இது..." என்று இலையைக் காட்டினேன். "இந்த வீட்டுலயா?"

"ஏன், சாமியார் வீட்டுல மட்டுந்தான் எறங்குமோ?" என்றாள் குழல்வாய்மொழி, இன்னும் ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டே. "வியாகம்மா மறுநாளே நம்ம வாசல்ல வந்து நின்னுட்டா. 'ஆச்சி, ஒங்க வீட்டு ஐயா மீன் கேட்டாவ. அந்தப் பாவத்த நான் கட்டிக்கிட மாட்டேன். கொழம்பு கூட்டியிருந்தேன், மீனு போடுமுன்ன தனியா எடுத்து, தோட்டத்து வாழக்காய அரிஞ்சு போட்டுக் குடுத்துட்டேன். கண்டுபிடிக்கல'ன்னா. அதுக்கு மேல அவகிட்டக் காயில்ல. நம்ம தார நான்தான் வெட்டிக் குடுத்தேன். சாமியாருக்கும் தெரியும். அடுத்த வீட்டு அண்ணாச்சிகிட்டப் போயிப் பேசுங்க மொதல்ல. எட்டு வாரமா அந்த மனுசன் எதுக்குன்னு தெரியாம முழிக்காவ."

வல்லிநாயகத்திடம் போனேன். பேசினேன். இரண்டு டம்ளர் காப்பி.

இப்போது மாடியில் உட்கார்ந்து 21-6 பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். வட்டம். நடுவில் மூன்றாகப் பிரிகிற ரேகை. ரேகை ஓரமாக, கடுகைவிடச் சின்னதாக, விதைப் புள்ளிகள் பதினொன்று. ஒன்று விடாமல் போட்டிருக்கிறேன். தலைப்பை மட்டும் அடித்துத் திருத்தினேன்: வாழைக்காய், குறுக்குவெட்டு. ஒன்றேகால் அங்குலம்.